பால் பத்தலையாமே!

போன வாரம் தம்பி மனைவி போன் செய்தாள். பிரசவம் ஆகி மூன்றாம் நாள். குரல் கம்மியிருந்தது. "மதினி, பால் பத்தலையாம்." யார் சொன்னது என்று கேட்டேன். அவளுடைய பெரியம்மா, பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணின் மாமியார், பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்த ஒரு சித்தி, அப்புறம் நைட் டியூட்டி நர்ஸ். பிள்ளையைத் தவிர எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். "எத்தனை துணி நனைச்சிருக்கான்?" என்றேன். அது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

அன்று முக்கால் மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது, நடுவில் யாரோ போனை வாங்கி "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டார்கள். அதனால் மீதியை இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள், 14 மாதப் பையனின் அம்மா, அவ்வளவுதான். ஆனால் இந்த "பத்தலை" என்ற ஒரு வார்த்தையோடு நான் ஆறு வாரம் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

எனக்கும் மூன்றாம் நாள்தான் அது ஆரம்பித்தது. விருதுநகர் பக்கம் அம்மா வீடு, அங்கே ஒரு மருத்துவமனையில் சிசேரியன். பையன் 2.9 கிலோ. முதல் இரண்டு நாள் சீம்பால். மஞ்சளாக, பிசுபிசுவென்று, அழுத்திப் பார்த்தால் நாலு சொட்டு. அந்த நாலு சொட்டைப் பார்த்துவிட்டு யாருக்குத்தான் நம்பிக்கை வரும்? மூன்றாம் நாள் எடை போட்டார்கள், 2.68. நர்ஸ் உதட்டைப் பிதுக்கினார். யாரையும் ஒன்றும் கேட்காமல் 30 மில்லி பவுடர் பாலைக் கலக்கிக்கொண்டு வந்தார். அம்மா அதைச் சங்கில் ஊற்றிப் புகட்டினாள். பையன் நாலு மணி நேரம் அசையாமல் தூங்கினான். "பாத்தியா, வயிறு நிறைஞ்சதும் எப்படித் தூங்குறான்!" அறை முழுக்க நிம்மதி. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதேன், தையல் இழுத்தது.

அந்த 220 கிராமைப் பற்றி அன்றைக்கே யாராவது உட்கார்ந்து பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறந்த பிள்ளைகள் முதல் சில நாட்களில் எடை குறைவது வழக்கம்தான். 7 சதவீதத்தைத் தாண்டினால், பிள்ளை எப்படிக் குடிக்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். 10 சதவீதத்தை நெருங்கினால் டாக்டர் முடிவெடுக்க வேண்டும். எப்படியும் 10 முதல் 14 நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். என் பையன் இறங்கியது 7.6 சதவீதம். பக்கத்தில் வந்து பார்த்திருக்க வேண்டிய எடை. யாரும் பார்க்கவில்லை, டப்பாவைத் திறந்தார்கள். பிறந்த அன்று பிள்ளை ஒரு தடவைக்குக் குடிப்பதே ஒரு தேக்கரண்டி சொச்சம்தான். நாம் கேலி பேசும் அந்த நாலு சொட்டு அதற்கேற்ற அளவுதான்.

முழுப் பால் இறங்குவது பொதுவாக இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் உடம்பில் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் சரசரவென்று இறங்கும், அதுதான் பாலுக்கான சாவி. தலைப்பிரசவம், சிசேரியன், சர்க்கரை இவற்றில் எது இருந்தாலும் ஒன்றிரண்டு நாள் தள்ளிப்போகலாம். எனக்கு அதில் இரண்டு இருந்தன.

வார்டில் தரை துடைக்க வந்த ஆயாம்மா சங்கைப் பார்த்துவிட்டு மாப்பை ஊன்றி நின்றது. "இறைக்கிற கிணறுதான் தாயி ஊறும். நீ சங்க வச்சுக் கிணத்த மூடுற." சொல்லிவிட்டுத் துடைத்துக்கொண்டே போய்விட்டது. அப்போது எனக்கு எரிச்சல்தான் வந்தது. பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, அந்த ஒரு வாக்கியத்தில் முக்கால்வாசி அறிவியல் அடங்கியிருக்கிறது.

பிள்ளை சப்பும்போது மூளைக்குத் தகவல் போகிறது, புரோலாக்டின் என்ற ஹார்மோன் சுரக்கிறது, அது பாலை உண்டாக்குகிறது. இரவில் புரோலாக்டின் கூடுதலாகச் சுரக்கும், அதனால்தான் முதல் வாரங்களில் ராத்திரிப் பாலை விட்டுவிடக் கூடாது என்கிறார்கள். அதே நேரம், மார்பில் பால் வெளியேறாமல் தேங்கிக் கிடந்தால் "போதும், குறைத்துக்கொள்" என்று உள்ளேயே ஒரு தடை ஏற்படுகிறது. இது ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக நடக்கும். ஒரு பக்கம் மட்டும் கொடுத்துப் பழகினால் மறுபக்கம் மட்டும் குறைவது இதனால்தான். இப்போது அந்த 30 மில்லியை யோசித்துப் பாருங்கள். பையன் நாலு மணி நேரம் தூங்கினான் என்றால் இரண்டு தடவை குடிக்கவில்லை. இரண்டு தடவைக்கான பால் தேங்கியது. உடம்பு கணக்குப் போட்டுக் குறைத்தது. அடுத்த தடவை நிஜமாகவே குறைவாக வந்தது. உடனே 30 மில்லி 60 ஆனது. "பத்தலை" என்று சொல்லிச் சொல்லியே பத்தாமல் செய்துவிடலாம், நான்கே நாள் போதும்.

இன்னொரு ஹார்மோன் ஆக்ஸிடோசின். உண்டான பாலை வெளியே தள்ளுவது அது. வலி, பயம், கூச்சம் எல்லாம் அதைத் தடுக்கும். மாடு வைத்திருக்கிற வீட்டில் இதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம், கறக்கிற ஆள் மாறினாலே மாடு பாலை அடக்கிக்கொள்ளும். மாட்டுக்கு நாம் இதைப் புரிந்துகொள்கிறோம். மருமகளைச் சுற்றி எட்டுப் பேர் நின்றுகொண்டு "வருதா, வருதா" என்று எட்டிப் பார்க்கிறோம்.

ஆறாம் நாள் வீட்டுக்கு வந்த கிராம சுகாதார செவிலியர்தான் என்னைக் கரையேற்றினார். பிக்மி நம்பர் (அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்) சரிபார்க்க வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். அம்மாவைக்கூட வெளியே அனுப்பிவிட்டு, "கொடுங்க, பார்ப்போம்" என்றார். பையன் காம்பின் நுனியை மட்டும் கவ்விக்கொண்டிருந்தான், எனக்கு வெடிப்பு விட்டு ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவர் ஒரு சின்ன வேலைதான் செய்தார். குடத்தை இடுப்பில் இடுக்குவோமே, அந்த மாதிரி பிள்ளையை என் அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில் வைத்தார், தையலில் பாரம் விழவில்லை. காம்பால் அவன் மேலுதட்டைத் தடவினார். அவன் கொட்டாவி விடுவதுபோல் வாயை அகலமாகத் திறக்கும்வரை காத்திருந்து, தலையைத் தள்ளாமல் முதுகைத் தாங்கி என் பக்கம் சேர்த்தார். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் பெரும்பகுதி உள்ளே போனது. தாடை மார்பில் பதிந்தது, கீழுதடு வெளியே மடங்கியிருந்தது. இரண்டு மூன்று சப்பு, ஒரு சின்ன நிறுத்தம், 'க்ளக்'. முதல் முறையாக அவன் விழுங்கும் சத்தத்தைக் கேட்டேன். வலி இல்லை. ஆறு நாளாக அவன் வாயில் போனது எவ்வளவு கொஞ்சம் என்று அப்போதுதான் புரிந்தது. பால் இருந்தது, வழிதான் இல்லாமல் இருந்தது.

பிறகு கையால் பீய்ச்சக் கற்றுக்கொடுத்தார். கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே, காம்பிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி. முதலில் நெஞ்சு எலும்பை நோக்கிப் பின்னால் அழுத்த வேண்டும், அப்புறம் விரல்களைச் சேர்க்க வேண்டும், தோலில் வழுக்கி இழுக்கக் கூடாது. ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரைப் பிடித்துக்கொண்டேன். முதல் இரண்டு நிமிடம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு சொட்டு, டம்ளர் அடியில் 'டிங்' என்று விழுந்தது. பத்து நிமிடத்தில் அடிப்பாகம் மறைந்தது. அதைப் பாலாடைக் கிண்ணத்தில் ஊற்றி அவனுக்கே கொடுத்தோம். ஒவ்வொரு தடவை அவன் குடித்து முடித்ததும் இப்படிப் பத்து நிமிடம், 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால், பவுடரைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. இதுதான் அவர் எழுதிக்கொடுத்த மருந்துச் சீட்டு. பவுடரை அன்றே நிறுத்தச் சொல்லவில்லை, எடை பார்த்துப் பார்த்துத்தான் குறைத்தோம். ஒன்பது நாளில் நின்றது.

அப்பாவுக்குக் கொடுத்த வேலை தினசரி காலண்டர். நனைந்த துணி ஒவ்வொன்றுக்கும் அன்றைய தாளில் பென்சிலால் ஒரு கோடு. நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், அதற்குக் கீழே கோடுகள். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என்று ஏறி, ஐந்தாம் நாளுக்குப் பிறகு தினம் 6 துணியாவது நன்றாக நனைய வேண்டும். மலம் கறுப்பிலிருந்து பச்சையாகி, நாலைந்தாம் நாளில் மஞ்சளாக வேண்டும். எடை முதல் மாதங்களில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். பால் போதுமா என்று தெரிந்துகொள்ள இந்த மூன்றும் போதும். பிள்ளை அழுவது, விரல் சூப்புவது, மார்பு மெத்தென்று இருப்பது, பம்பில் கொஞ்சமாக வருவது, இவை எதுவும் கணக்கில் சேராது. பம்பைவிடப் பிள்ளை நன்றாக எடுக்கும். 15ஆம் நாள் பையன் 2.96. அப்பா அந்தத் தாளைக் கிழிக்கவே இல்லை, இன்னும் வைத்திருக்கிறார்.

சாப்பாட்டுக்கு வருவோம். எங்கள் வீட்டுப் பத்தியத்தில் பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, கருவாடு, தூத்துக்குடியிலிருந்து மாமா அனுப்பிய பால்சுறாவில் புட்டு, காலையில் லேகியம். இதில் எது பாலை ஊற வைக்கும்? ஒன்றும் மந்திரம் இல்லை. வெந்தயம், முருங்கை, தண்ணீர்விட்டான் கிழங்கு பற்றியெல்லாம் சிறு சிறு ஆய்வுகள் உண்டு, அடித்துச் சொல்லும்படி எதுவும் இல்லை. பால் கொடுக்கும் அம்மாவுக்கு முதல் ஆறு மாதம் நாளுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்), அந்த வகையில் பத்தியச் சோறு நல்ல சோறுதான். பூண்டில் மட்டும் ஒரு சுவாரசியம் இருக்கிறது. பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்தில் 1991இல் அம்மாக்களுக்குப் பூண்டு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். பாலில் பூண்டு வாசம் வந்தது, பிள்ளைகள் முகம் சுளிக்கவில்லை, வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் மார்போடு ஒட்டிக்கொண்டு சப்பின. இறைக்கிற நேரம் கூடியது என்று வைத்துக்கொள்ளலாம். சுறாவைப் பற்றித்தான் அம்மாவிடம் சொல்லத் தயங்கினேன். பெரிய மீன்களில் பாதரசம் சேரும், பால் கொடுப்பவர்கள் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ பட்டியலே போட்டிருக்கிறது. மாமா ஐஸ் பெட்டியில் வைத்து அத்தனை தூரம் பஸ்ஸில் அனுப்பியது. இரண்டு தடவை சாப்பிட்டுவிட்டு, "எனக்கு ஒமட்டுது" என்று பொய் சொல்லி நெத்திலிக்கு மாறினேன். வெந்தயத்தை அள்ளி அள்ளித் தின்னாலும் பிரச்சினைதான், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தச் சர்க்கரை இன்னும் இறங்கும். வேர்வையே வெந்தய வாசம் அடிக்கும், அது வேறு.

பத்தியத்தில் எனக்கு ஆகவே ஆகாத ஒன்று, தண்ணீரைக் கட்டுப்படுத்துவது. "தண்ணி குடிச்சா வயிறு விட்டுரும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்று ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் வெந்நீர். வைகாசி மாதம், விருதுநகரில்! தாய்ப்பாலில் ஏறக்குறைய 87 சதவீதம் தண்ணீர். பால் கொடுக்க உட்கார்ந்தாலே தாகம் எடுக்கும், அந்தத் தாகத்துக்குக் குடித்தால் போதும். குடம் குடமாகக் குடித்தாலும் பால் கூடாது. ஆனால் அம்மாவைக் காயப்போடுவது கொடுமை. ராத்திரி இரண்டு மணிக்கு என் வீட்டுக்காரர் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததை நான் மறக்க மாட்டேன், மாமியார் வீட்டுச் சமையலறையில் திருடின மாதிரி நடந்து வந்தார். அம்மாவுக்கு உறக்கம் கலையாமல். பிள்ளைக்குத்தான் ஆறு மாதம் வரை தனியாகத் தண்ணீர் தேவையில்லை, கோடையிலும்கூட. எங்கள் வீட்டில் இதைத் தலைகீழாகச் செய்யப் பார்த்தார்கள்.

ஆறாவது வாரம் இன்னொரு கண்டம். மார்பு திடீரென்று லேசாகிவிட்டது, முன்னைப்போல் கனப்பதில்லை, வடிவதில்லை. பையனோ சாயங்காலம் ஐந்திலிருந்து ஒன்பது வரை விட்டு விட்டுக் குடித்துக்கொண்டே இருந்தான். "வத்திப்போச்சு" என்றார் அத்தை. நானும் கிட்டத்தட்ட நம்பிவிட்டேன். காலண்டரைப் பார்த்தால் கோடுகள் ஏழு, எட்டு. உடம்பு பிள்ளையின் தேவைக்குச் சரியாக அளந்து சுரக்கப் பழகியிருக்கிறது, அதனால் வீக்கம் போய்விட்டது, அவ்வளவுதான். இரண்டு மூன்று வாரத்திலும் ஆறு வாரத்திலும் மூன்று மாதத்திலும் பிள்ளைகள் இப்படித் திடீரென்று பசியெடுத்துக் குடிப்பார்கள், இரண்டு மூன்று நாளில் அடங்கும். அந்த இரண்டு மூன்று நாளில்தான் பல வீடுகளில் டப்பா வாங்கப்படுகிறது. சின்னப் பிள்ளைகளுக்கான பால் பவுடரை விளம்பரம் செய்யவே கூடாது என்று இந்தியாவில் 1992லிருந்து சட்டம் இருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்களே சம்பளம் இல்லாமல் அந்த விளம்பரத்தைச் செய்துவிடுகிறார்கள்.

சரி, நிஜமாகவே பத்தாதவர்கள் உண்டு, அதை மறைக்கக் கூடாது. தைராய்டு, பிரசவத்தில் அதிக ரத்தம் போனது, நஞ்சின் துண்டு உள்ளேயே தங்கிவிட்டது, மார்பில் முன்பு செய்த அறுவை சிகிச்சை, பிசிஓஎஸ் என்கிற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையைச் சீக்கிரமே ஆரம்பித்தது என்று காரணங்கள் இருக்கின்றன. பிள்ளைக்கு நாக்கடி ஒட்டியிருந்தாலும் இழுக்க முடியாது. என் தோழிக்கு எல்லாம் சரியாகச் செய்தும் பாதிதான் வந்தது. தைராய்டு பார்த்தால் ஏறிக் கிடந்தது. அவள் மார்பும் பவுடரும் சேர்த்தே கொடுத்தாள், பிள்ளை ஜம்மென்று இருக்கிறது. துணி நனையவில்லை, பிள்ளை சோர்ந்து கிடக்கிறது, எழுப்பினாலும் குடிக்கவில்லை என்றால் இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள், உடனே டாக்டரிடம் போங்கள்.

பால் கட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எனக்கு ஒரே ஒரு தடவை, கல் மாதிரி. போட்டுப் பிசைய வேண்டாம், அது உள்ளே வீக்கத்தைக் கூட்டும். குளிர்ந்த ஒத்தடம், வழக்கம்போல் பிள்ளைக்குக் கொடுப்பது, காய்ச்சல் வந்து ஒரு நாளில் அடங்காவிட்டால் மருத்துவர். பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது.

வேலைக்குத் திரும்பியது தனிக்கதை. அரசு ஊழியர்களுக்குத் தமிழ்நாட்டில் 2021 ஜூலையிலிருந்து ஒரு வருட விடுப்பு. என்னைப் போன்ற தனியார்க்காரிகளுக்கு 2017 திருத்தத்திலிருந்து 26 வாரம். பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை தினம் இரண்டு பாலூட்டும் இடைவேளை தர வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது, எங்கள் மேனேஜருக்கு அதை நான்தான் அச்செடுத்துக் காட்டினேன். இடம்? பிரிண்டர் பேப்பர் அடுக்கியிருக்கும் ஸ்டாக் ரூம். தாழ்ப்பாள் இல்லாததால் கதவுக்கு ஒரு பேப்பர் பெட்டியை முட்டுக்கொடுத்து, தரையில் துண்டு விரித்து, பதினொன்றுக்கும் மூன்றுக்கும். முதல் நாள் இரண்டு பக்கமும் சேர்த்து 40 மில்லி. அதிர்ந்துபோனேன். போனில் பையன் வீடியோவைப் போட்டுப் பார்த்தபோது கிடுகிடுவென்று வந்தது. வாரக் கடைசியில் 110. ஒரு தடவை ஆடிட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது அடுத்த அறையில் யாருடைய பிள்ளையோ அழுதது, என் சட்டை நனைந்துவிட்டது. ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மீதிக் கணக்கைச் சொன்னேன்.

பீய்ச்சிய பாலை வெளியில் 4 மணி நேரம் வைக்கலாம் என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கும், அது 25 டிகிரிக்கான கணக்கு. நம் ஊரில் 25 டிகிரி மார்கழியில்தான் வரும். டிபன் பையில் ஐஸ் பேக், வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜ், அங்கே 4 நாள். மேலே ஆடை மாதிரிக் கொழுப்பு பிரிந்து நிற்கும், கெட்டுவிடவில்லை, மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பில் வைத்துக் காய்ச்சாதீர்கள், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் பாட்டிலை நிறுத்தினால் போதும். அத்தை முதல் நாள் அதைப் பசும்பால் போலப் பொங்க வைத்துவிட்டார். ஸ்டாக் ரூமில் நான் உட்கார்ந்து எடுத்த 90 மில்லி. நான் ஒன்றும் சொல்லவில்லை, குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டுகளில் 2015இல் திறந்த பாலூட்டும் அறைகள் எனக்கு நாலைந்து தடவை உதவியிருக்கின்றன. ஓர் ஊரில் பூட்டியிருந்தது, சாவி டீக்கடைக்காரரிடம் இருந்தது.

இப்போது பையனுக்குப் பல் எட்டு. சோறு, இட்லி எல்லாம் சாப்பிடுகிறான், ராத்திரியும் விடிகாலையும் மட்டும் பால். "போதும்டி, நிறுத்திரு" என்கிறாள் அம்மா. இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது என்றேன். "அவங்க வந்தா உன் பிள்ளைய ராத்திரி பாத்துக்கிறாங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். போன ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து வந்தவள் வாழையிலையில் சுற்றி இரண்டு முழம் மல்லிகைப் பூ கொண்டுவந்தாள். தலைக்கு என்று நினைத்தேன். மார்பில் வைத்துக் கட்டிக்கொள்ளவாம், பால் வற்றிவிடுமாம், அம்மாச்சி காலத்திலிருந்து செய்வதாம். சிரித்துவிட்டுத் தேடிப் பார்த்தால், வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் 1988இலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். பாலை நிறுத்தக் கொடுக்கும் மாத்திரை ஒரு பக்கம், மல்லிகை ஒரு பக்கம். புரோலாக்டினைக் குறைத்ததில் மாத்திரைதான் முந்தியது, ஆனால் பால் குறைந்ததிலும் வீக்கம் அடங்கியதிலும் பூவும் சளைக்கவில்லை. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். சுறாவில் தோற்றவள், பூவில் ஜெயித்துவிட்ட மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

பூவைத் தலையில்தான் வைத்துக்கொண்டேன்.